ரோமா, இஸ்தான்புல்லா: முதலில் எந்த நகரம்?

தொன்மையான வெளிநாட்டு நகரம் ஒன்றை முதன்முறையாகப் பார்க்கக் கிளம்புகிறவர்களின் பட்டியலில் ரோமும் இஸ்தான்புல்லும் பெரும்பாலும் அருகருகே இடம்பெறுகின்றன. இரண்டும் ஒரே பேரரசின் தலைநகரங்களாக இருந்தவை. கி.பி. 330-இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் பாஸ்பரஸ் நீரிணைக் கரையில் திறந்துவைத்த தலைநகரம் புதிய ரோம் என்றே அழைக்கப்பட்டது; அந்தக் கான்ஸ்டாண்டிநோபிள்தான் இன்றைய இஸ்தான்புல். ஆகவே எது அழகானது என்று கேட்பதைவிட, எதை முதலில் பார்த்தால் மற்றது நன்றாக விளங்கும் என்று கேட்பதே பயனுள்ளது. ரோமை முதலிலும் இஸ்தான்புல்லை அடுத்தும் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதற்கு முதற்காரணம் இரண்டு குவிமாடங்கள். ரோமில் பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், கி.பி. 126 வாக்கில் முடிக்கப்பட்ட பாந்தியன் கோயிலின் குவிமாடம் 43.3 மீட்டர் விட்டமுடையது. தரையிலிருந்து அதன் உச்சிக்கும் ஏறக்குறைய அதே உயரம். கம்பி ஏதும் வைக்காத காங்கிரீட்டால் ஆன அந்தப் பெரும்பாரத்தை, ஏறத்தாழ 6 மீட்டர் தடிமனுள்ள வட்டச் சுவர் சுற்றிலும் தாங்கி நிற்கிறது. வட்டச் சுவரின் மேல் வட்டக் கூரை என்பதால், பார்ப்பவருக்கு அதன் தர்க்கம் உடனே பிடிபடுகிறது. இஸ்தான்புல்லில், தேவாலயமாக எழுந்த ஹாகியா சோபியாவில், பேரரசர் ஜஸ்டினியனின் கட்டடக் கலைஞர்களான அந்தேமியசும் இசிடோரும் 532 முதல் 537 வரையிலான ஐந்தே ஆண்டுகளில், சுமார் 31 மீட்டர் விட்டமுள்ள குவிமாடத்தைச் சதுரமான அடித்தளத்தின் மேல் ஏற்றினார்கள். நான்கு மூலைகளிலும் வளைந்து இறங்கும் முக்கோணப் பரப்புகள் வழியாகப் பாரம் நான்கு பெரும் தூண்களுக்குப் போய்விடுவதால், குவிமாடத்தின் அடியில் சுற்றிலும் 40 சாளரங்களைத் திறக்க முடிந்தது. அதனால்தான் அது ஒளியின் மேல் மிதப்பதுபோல் தெரிகிறது. 558-இல் அது இடிந்து விழுந்ததும், 562-இல் முன்னைவிட உயர்த்திக் கட்டப்பட்டதும், அந்தத் துணிச்சலுக்குக் கொடுத்த விலை. பாந்தியனின் கனத்த சுவரருகே நின்றவருக்கே ஹாகியா சோபியாவில் அந்தச் சுவர் எங்கே போயிற்று என்ற கேள்வி எழும். அதே சிக்கலை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு உஸ்மானியக் கட்டடக் கலைஞர் சினான் எப்படிக் கையாண்டார் என்பதை, 1557-இல் முடிந்த சுலைமானியே மசூதியில் தொடர்ந்து பார்க்கலாம். வரிசை மாறினால் இந்தச் சுவை பாதியாகக் குறைந்துவிடும்.

இரு நகரங்களையும் இணைக்கும் இன்னொரு சான்றைப் பயணிகள் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். எகிப்தின் கர்னாக் கோயிலில் நின்றிருந்த, மூன்றாம் துத்மோஸ் மன்னனின் இரண்டு ஒற்றைக்கல் தூபிகளில் ஒன்று 357-இல் ரோமின் தேரோட்டக் களத்தில் நிறுத்தப்பட்டது. மற்றொன்று 390-இல் கான்ஸ்டாண்டிநோபிளின் தேரோட்டக் களத்துக்குப் போனது. முதலாவது இன்று லாத்தரன் பேராலயத்தின் அருகே 32 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. இரண்டாவது, அடிப்பகுதியை இழந்து, சுமார் 20 மீட்டர் உயரத்தோடு சுல்தானகமத் சதுக்கத்தில் இருக்கிறது. பழைய தலைநகரத்துக்கு இருந்ததெல்லாம் புதியதற்கும் வேண்டும் என்ற வேட்கையை இந்த இணையைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் வேறு இல்லை.

ரோமில் வரலாறு கீழ்நோக்கி அடுக்கப்பட்டிருக்கிறது. கொலோசியத்துக்கு அருகிலுள்ள சான் கிளெமெந்தே தேவாலயத்தில் படியிறங்கினால், 12-ஆம் நூற்றாண்டுக் கோயிலுக்கு அடியில் 4-ஆம் நூற்றாண்டுக் கோயிலும், அதற்கும் அடியில் ரோமானியக் கட்டடங்களும் மித்ரா என்ற தெய்வத்தின் வழிபாட்டு அறையும் இருக்கின்றன. பண்டைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரம் அவ்வளவு எளிதில் மனம் திறப்பதில்லை. முன்கூட்டிப் படிக்காமல் போகிறவருக்கு அது உடைந்த தூண்கள் நிறைந்த வெளியாகவே தோன்றும். தமிழ் வாசகர் அங்கே தேட வேண்டிய ஓர் இடம் உண்டு. பொன்னோடு வந்து மிளகோடு பெயர்ந்த யவனர் கலங்களைச் சங்கப் பாடல் பேசுகிறது அல்லவா? பேரரசர் டொமிஷியன் காலத்தில் மிளகுக்காகவே எழுப்பப்பட்ட கிடங்குகளின் எச்சங்கள், அங்குள்ள மாக்சென்டியஸ் பசிலிக்கா என்ற பெருமண்டபத்தின் அடியில் கிடக்கின்றன.

ஆனால் நகரத்தின் உயிரோட்டம் என்று வரும்போது இஸ்தான்புல்லே முந்துகிறது. அதில் எனக்கு ஐயமில்லை. 1870 வெள்ளத்துக்குப் பிறகு எழுப்பப்பட்ட உயர்ந்த கரைச்சுவர்களுக்கு இடையே டைபர் ஆறு ஒடுங்கிவிட்டதால், ரோமில் நடப்பவர் ஆற்றை மறந்தே போகலாம். இஸ்தான்புல்லில் நீரை மறக்கவே முடியாது. ஐரோப்பியக் கரையிலுள்ள எமினோனுவில் படகேறி ஆசியக் கரையிலுள்ள கடிகொய்க்குச் செல்லும் குறுகிய நேரத்திலேயே, இரு கண்டங்களும், மசூதிகளின் வரிசையும், இந்த முனையில் ஏன் ஒரு தலைநகரம் அமைந்தது என்பதும் சொல்லாமலே விளங்கும். விலை உயர்ந்த உல்லாசப் படகுகளை நாட வேண்டியதில்லை. ஊர்மக்கள் வேலைக்குச் செல்லும் பொதுப் படகே போதும்.

நடைமுறையில் சில வேறுபாடுகளைக் கவனிக்க வேண்டும். கொலோசியத்தின் நுழைவுச்சீட்டு பெயரிட்டுத் தரப்படுவதால் கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். இஸ்தான்புல்லில் தோப்காபி அரண்மனைக்குச் செவ்வாயும், பெரிய சந்தைக்கு ஞாயிறும் விடுமுறை. அருங்காட்சியகமாக இருந்த ஹாகியா சோபியா 2020-இல் மீண்டும் மசூதியானது. 2024 முதல் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் கட்டணம் செலுத்தி மேல்மாடத்துக்கு மட்டுமே செல்ல முடிகிறது. கீழ்த்தளத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்க்க முடியாதது உண்மையான இழப்பு என்றாலும், மொசைக் ஓவியங்களுக்கு அருகே செல்ல மேல்மாடமே ஏற்ற இடம். டி1 டிராமில் தோப்காபி என்ற பெயரைக் கண்டு இறங்கிவிடக் கூடாது. அது பழைய நகரச் சுவரருகே உள்ள நிறுத்தம். அரண்மனைக்கு குல்ஹானே அல்லது சுல்தானகமத் நிறுத்தத்தில் இறங்க வேண்டும்.



விசா விஷயமும் இந்த வரிசைக்கே துணை நிற்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு உடையவர் இத்தாலிக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா பெற்றாக வேண்டும். காலாவதியாகாத ஷெங்கன் விசா கையில் இருந்தால் துருக்கிக்கு இணையவழி விசா பெற வழியுண்டு. இல்லையென்றால் பெரும்பாலும் தூதரக நடைமுறைப்படி விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். ஒரே பயணத்தில் இரண்டையும் இணைப்பவர்கள், துருக்கியில் நுழையும் நாளிலும் ஷெங்கன் விசா செல்லுபடியாகும்படி நாட்களை அமைத்து, அப்போதைய விதிகளை அதிகாரபூர்வத் தளத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

என் பரிந்துரைக்கு ஒரு விலக்கு உண்டு. ஒருவரின் ஆர்வம், உஸ்மானியர் நகரைக் கைப்பற்றிய 1453-க்குப் பிந்தைய உலகத்தின் மேல், அதாவது சினானின் மசூதிகள், இஸ்னிக் ஊரின் வண்ணப் பீங்கான் ஓடுகள், எழுத்தணிக் கலை ஆகியவற்றின் மேல் இருக்குமானால், அவர் ரோமுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நேரே இஸ்தான்புல் சென்று, சுலைமானியேயிலிருந்தே தொடங்கலாம்.