பக்க எண்ணா, வசன எண்ணா? ஆய்வேட்டில் மறைநூல் மேற்கோள்

விவிலியத்தையும் பகவத்கீதையையும் அடிக்கடி எடுத்தாளும் என் ஆய்வேட்டை முதலில் அச்சுப்பதிப்பின் பக்க எண்களைக் கொண்டே எழுதினேன்; பாதியில் அதைக் கைவிட்டு, அதிகாரமும் வசனமும் குறிக்கும் முறைக்கு மாறினேன். மற்ற நூல்களுக்குரிய அடிக்குறிப்புகளோடு ஒரே சீராக அமையும் என்பது பக்க எண்ணுக்குள்ள ஆதாயம்; அதற்கு மேல் அதில் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

என் முடிவுக்குக் காரணம் சரிபார்க்கும் வசதிதான். நான் குறிப்பெடுத்த பதிப்பை நூலகத்தில் திருப்பிக் கொடுத்தபின், கையில் கிடைத்த வேறொரு பதிப்பில் என் பக்க எண்கள் ஒன்றுகூடப் பொருந்தாமல், எல்லாவற்றையும் மறுபடி தேடித் திருத்த வேண்டியதாயிற்று. "மத்தேயு 5:9" என்றால், எந்த மொழியில், எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் அந்த வரியை உடனே எடுத்துவிடலாம்.

ஆனால் வசன எண்ணோடு பதிப்பின் பெயரும் கட்டாயம் வேண்டும் என்பதைக் கீதைதான் எனக்குக் காட்டியது. 13ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் அர்ச்சுனன் கேட்பதாக வரும் சுலோகம் சில பதிப்புகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. அதனால் "இதம் சரீரம் கௌந்தேய" என்று தொடங்கும் சுலோகம் ஒரு பதிப்பில் 13.1 என்றும் மற்றொன்றில் 13.2 என்றும் நிற்க, அந்த அத்தியாயம் முடியும்வரை எண்கள் ஒன்று தள்ளியே போகின்றன. விவிலியத்தின் சங்கீத நூலிலும் இதே நிலைதான்: எபிரேய மூலத்தின் 23ஆம் சங்கீதம் பழைய லத்தீன் மொழிபெயர்ப்பான வுல்காத்தாவில் 22ஆம் சங்கீதம். ஆகவே முதல் மேற்கோளில் பதிப்பையோ மொழிபெயர்ப்பையோ பெயரிட்டுவிட்டு, அடுத்தடுத்த இடங்களில் எண்ணை மட்டும் தருகிறேன்.

குர்ஆனை நான் மிகச் சில இடங்களிலேயே எடுத்தாண்டிருப்பதால் அங்கே அழுத்திச் சொல்லத் தயங்குகிறேன். எனினும் பழைய ஐரோப்பிய ஆய்வுகள் பின்பற்றிய, 1834இல் வெளிவந்த ஃப்ளூகல் பதிப்பின் வசன எண்கள், 1924ஆம் ஆண்டின் கெய்ரோ பதிப்போடு பல இடங்களில் ஒத்துவராததால், அந்த ஆய்வுகளிலிருந்து எண்ணை அப்படியே பெயர்த்தெழுதுவது ஆபத்து.

மேற்கோள் காட்டும் முறையை வகுக்கும் எம்.எல்.ஏ. (MLA), சிகாகோ, ஏ.பி.ஏ. (APA) ஆகிய நடைக்கையேடுகளுக்கிடையே உள்ள வேறுபாடு சிறியது. அதிகாரத்துக்கும் வசனத்துக்கும் இடையே எம்.எல்.ஏ. புள்ளி இடும், சிகாகோ முக்காற்புள்ளி இடும், ஏ.பி.ஏ. 7ஆம் பதிப்பு மறைநூலைத் துணைநூற்பட்டியலிலும் சேர்க்கச் சொல்கிறது. பதிப்பாசிரியரின் முன்னுரையையோ உரையாசிரியரின் விளக்கத்தையோ மேற்கோள் காட்டும்போது மட்டும் நான் இன்றும் பக்க எண்ணையே தருகிறேன். அவ்வரிகளுக்கு வசன எண் கிடையாது.