சுற்றுலாவா, கீத பவனியா, அண்டாச் சமையலா? வாலிபர் ஐக்கியத்துக்கு எது தோதுப்படும்

நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரம், அதாவது ஒரு போதகரின் கீழுள்ள சபை வட்டம், ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாலிபர் ஐக்கியம் என்ற சபை இளைஞர் சங்கத்தின் பட்டியலில் நாற்பது பெயர். கூட்டத்துக்கு வருவது பதினெட்டு, மிஞ்சினால் இருபது. "ஏதாவது புரோகிராம் போட்டால் எல்லாரும் வருவாங்க" என்று பேச்சு எழுந்தால், சுற்றிச் சுற்றி மூன்றில்தான் வந்து நிற்கும்: ஒருநாள் சுற்றுலா, டிசம்பரில் வீடு வீடாகப் போய் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கீத பவனி, ஆலய வளாகத்தில் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவது. கிரிக்கெட் போட்டியை இங்கே சேர்க்கவில்லை. பதினொரு பேர் ஆடுவார்கள், மற்றவர்கள் கை தட்டுவார்கள், பெண்பிள்ளைகள் இரண்டாவது ஓவரிலேயே வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

சுற்றுலா என்றதும் குற்றாலம் என்பார்கள். சீசன் ஜூன் முதல் செப்டம்பர் வரை. தண்ணீர் கூடினால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். பஸ்ஸைக் கூட்டிக்கொண்டு போய் வேடிக்கை பார்த்துத் திரும்ப வேண்டியதுதான். கடற்கரை வழி நிச்சயமானது. காலை ஆறுக்குப் பாளையங்கோட்டையில் கிளம்பி முதலில் மணப்பாடு. 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயத்தையும் சவேரியார் குகையையும் வெயில் ஏறுமுன் பார்த்துவிட வேண்டும், பத்து மணிக்கு மேல் அந்த மணலில் கால் வைக்க முடியாது. பிறகு இடையன்குடி. 1847-இல் தொடங்கி 1880-இல் முடிந்த ஆலயம், திராவிட மொழிகளை ஆராய்ந்த பேராயர் கால்டுவெல்லின் கல்லறையும் அங்கேதான். உச்சி வெயிலில் ஒதுங்க அந்த நிழல் உதவும். மாலையில் உவரி. கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கக் கூடாது என்பதை பஸ்ஸில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள். கடற்கரையில் போய்ச் சொன்னால் யார் காதிலும் விழாது.

மதியத்துக்கு எலுமிச்சைச் சாதமும் தயிர்ச் சாதமும் போதும். தயிர்ச் சாதத்தைப் பாலூற்றிப் பிசைந்து ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டால் மதியம் புளிக்காது. தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம், பதினொரு மணிக்கே கெட்டுவிடும். குடிதண்ணீர் தலைக்கு இரண்டு லிட்டர், நாற்பது பேருக்கு இருபது லிட்டர் கேன் நான்கு. பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம் கட்டாயம்.

சுற்றுலா கவிழ்வது பெரும்பாலும் பணத்தில்தான். நாற்பது பேரும் பெயர் கொடுப்பார்கள், விடிகாலையில் முப்பத்தொரு பேர் நிற்பார்கள். பஸ் வாடகையோ முழு பஸ்ஸுக்கு. பாதிப் பணத்தை முன்கூட்டிக் கொடுத்தவர்களை மட்டும் எண்ணி வண்டி பேசுங்கள். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு: கடைசி சீட்டில் ஏறும் ஐந்து நண்பர்கள் இறங்கும்போதும் அதே ஐந்து நண்பர்கள்தான். புதிதாய் வந்த பையன் ஜன்னலோரம் உட்கார்ந்து போய் ஜன்னலோரமே உட்கார்ந்து வருவான்.

கீத பவனிக்குச் செலவு குறைவு, கணக்கு கடினம். இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி வைக்க விதி இடம் தராது. ஆறு மணிக்குத் தொடங்கினால் கையில் இருப்பது 240 நிமிடம். ஒரு வீட்டுக்கு இரண்டு பாட்டு, ஒரு ஜெபம், அடுத்த வீட்டுக்கு நடை: பத்து நிமிடம் ஆகிவிடும். ஆக ஒரு மாலைக்கு இருபத்துநான்கு வீடு. நூறு வீட்டுச் சபைக்கு ஐந்து மாலை, அதற்கு மேல் மழைக்கென்று ஒரு மாலை. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

முதியவர்களும் கைக்குழந்தையும் உள்ள வீடுகளை முதலில் முடியுங்கள். ஐந்தாவது வீட்டு முறுக்கோடு வயிறு நிரம்பிவிடும் என்பதால், கடைசி வீட்டில் மட்டும் சாப்பாடு என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது. காணிக்கை உண்டியலை இரண்டு பேர் முன்னிலையில் அன்றைக்கே எண்ணி எழுத வேண்டும். ஒரு வீடு விடுபட்டால் அந்த மனத்தாங்கல் ஈஸ்டர் வரைக்கும் ஓடும். பாடத் தெரிந்தவர்கள் முன்னே போக, தெரியாதவர்கள் பின்னால் செல்போனோடு நடப்பது இதிலுள்ள பலவீனம்.

ஒதுங்கி நிற்கிறவர்களை உள்ளே இழுப்பதில் சமையல் மாலைக்குத்தான் எங்கள் ஓட்டு. அசனம் என்ற சபை விருந்து நடத்திப் பழகிய சேகரத்தில் அண்டா, சட்டுவம், ஜமுக்காளம் எல்லாம் ஏற்கெனவே இருக்கும். நாற்பது பேருக்குச் சிக்கன் பிரியாணி: சீரகச் சம்பா ஐந்து கிலோ, கறி ஆறு கிலோ, வெங்காயம் இரண்டரை, தக்காளி ஒன்றரை, தயிர் ஒரு லிட்டர், எண்ணெய் ஒரு லிட்டர். வெங்காயத்தைக் கடையில் நறுக்கி வாங்காதீர்கள். ஆறு பேர் பாயில் வட்டமாக உட்கார்ந்து அரைமணி நேரம் உரிக்கட்டும். கண்ணில் தண்ணீர் வழிய, எதிரே இருப்பவரிடம் "இன்னும் எத்தனை இருக்கு?" என்று கேட்கத்தான் வேண்டிவரும். பேச்சு அங்கேதான் பிடிக்கும். அந்த ஆறு பேர் யார் என்பதை நீங்களே கலந்து தேர்ந்தெடுங்கள். விட்டால் கடைசி சீட்டுக் கூட்டம் இங்கேயும் ஒன்றாக உட்காரும்.

அரிசியை இருபது நிமிடத்துக்கு மேல் ஊறவைத்தால் கிளறும்போது உடையும். அரிசி போட்ட பிறகும் விறகை இழுக்காமல் விட்டால் அடிப்பிடிக்கும். தண்ணீர் வற்றி அரிசி மேலே தெரிந்ததும் விறகை வெளியே தள்ளி, தணலில் பாதியை மூடிமேல் போட்டு இருபது நிமிடம் தம். அந்த நேரத்துக்கு உறியடியோ வேதாகம வினாடி வினாவோ பொருந்தும்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான லெந்து காலத்தில் வைக்காதீர்கள், பல வீடுகளில் கறி தொடமாட்டார்கள். அண்டா தேய்ப்பது யார் என்பதையும் வெங்காயம் உரிக்கும்போதே பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். சாப்பிட்ட பிறகு கேட்டால் ஆள் கிடைக்காது, திங்கட்கிழமை காலை அது ஆலயத்தைப் பராமரிக்கும் கோயில்பிள்ளை வீட்டம்மா தலையில்தான் விடியும்.