பரோலோவும் பார்பரெஸ்கோவும்: வாங்கி, அடுக்கி, காத்திருந்து திறந்த அனுபவம்

பரோலோ என்ற இத்தாலியச் சிவப்பு ஒயினை வாங்க ஆசைப்படும் நண்பர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: திராட்சை விளைந்த எந்த ஆண்டு நல்ல ஆண்டு? 2010, 2016 என்று உடனே சொல்லிவிடலாம், பிழையாகவும் இருக்காது. ஆனால் வெவ்வேறு ஆண்டுகளின் போத்தல்களை வாங்கி அடுக்கி, ஆறுதலாகத் திறந்து பார்த்து வருகிறவன் என்ற முறையில் என் அனுபவம் வேறு. வாங்குவதா வேண்டாமா என்பதை நான் தயாரிப்பாளரைப் பார்த்தே முடிவு செய்கிறேன். எப்போது திறப்பது என்பதற்குத்தான் ஆண்டைப் பார்க்கிறேன்.

பரோலோ, அதன் பக்கத்து ஒயினான பார்பரெஸ்கோ இரண்டும் வட இத்தாலியின் பியெமோந்தே மாநிலத்தில், ஆல்பா நகரைச் சுற்றியுள்ள லாங்கே குன்றுகளில் விளையும் நெபியோலோ திராட்சையில் மட்டுமே செய்யப்படுபவை. சட்டப்படி பரோலோ 38 மாதங்கள் முதிர்ந்த பிறகே கடைக்கு வரலாம், அதில் 18 மாதங்கள் மரப்பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். பார்பரெஸ்கோவுக்கு 26 மாதங்கள். 'ரிசெர்வா' என்ற பெயர் வேண்டுமென்றால் பரோலோ 62 மாதங்கள் காத்திருக்க வேண்டும். இவ்வளவு காத்திருந்து வெளிவந்த பிறகும் இந்த ஒயின் இளசுதான். நிறம் வெளிறித் தெரிவதைப் பார்த்து மென்மையானது என்று நம்பி ஒரு மிடறு குடித்தால், நெடுநேரம் ஊறிய சாயத் தேநீரைப் போல நாக்கையும் ஈறையும் இறுக்கிப் பிடிக்கும். அந்தத் துவர்ப்பும் கூடவே நிற்கும் புளிப்பும்தான் இந்த ஒயினைப் பல ஆண்டுகள் தாங்கி நிற்கின்றன. ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறவும் பொறுக்க வேண்டும்.

2013 குளிர்ந்த, தாமதமாகப் பழுத்த ஆண்டு. அந்த ஆண்டு விளைந்த செர்ராலுங்கா தால்பா கிராமத்துப் பரோலோ ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். அந்தப் பக்கத்து மண்ணில் வரும் ஒயின் இறுக்கமானது, பரோலோ விளையும் இன்னொரு கிராமமான லா மோர்ரா பக்கத்து ஒயினைவிடக் கூடுதல் காலம் கேட்பது. ஒரு மாலை திறந்தபோது முதல் கிண்ணத்தில் துவர்ப்பைத் தவிர எதுவும் இல்லை. வாசனையே எழவில்லை. பாதிப் போத்தலை மீண்டும் தக்கை போட்டு மூடிச் சமையலறை மூலையில் வைத்துவிட்டேன். மறுநாள் மாலை அதே ஒயினில் காய்ந்த ரோஜா இதழ், தார், அதிமதுரம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. துவர்ப்பு அப்படியே இருந்தது, ஆனால் பழச்சுவை அதன்மேல் ஏறி நின்றது. அன்றிலிருந்து எந்தப் பெட்டியிலும் முதல் போத்தலை இரண்டு நாட்களுக்குப் பிரித்தே குடிக்கிறேன். மறுநாள் நன்றாகத் திறந்துகொண்டால் மற்றவற்றை இன்னும் சில ஆண்டுகள் தொடுவதில்லை. மறுநாள் தளர்ந்துபோனால் அந்தப் பெட்டியை முன்வரிசைக்குக் கொண்டுவந்துவிடுவேன். இதனால்தான் ஒற்றைப் போத்தல்களாக வாங்காமல், முடிந்தவரை ஒரே ஒயினில் ஆறு போத்தல்களாக வாங்கச் சொல்கிறேன்.

2014 மழையும் ஆலங்கட்டியும் படுத்திய ஆண்டு. விமர்சகர்கள் பலர் முகம் சுளித்தார்கள், விலையும் இறங்கியது. பார்பரெஸ்கோ பக்கம் பரோலோ அளவுக்கு மழை வாங்கவில்லை. அந்த ஆண்டின் பார்பரெஸ்கோ போத்தல்கள் எனக்குக் கொடுத்த இன்பத்தை மறக்க மாட்டேன். மெலிந்த உடல், தெளிந்த வாசனை, பெரிய ஆண்டுகள் இன்னும் வாய் திறக்காமல் கிடந்தபோது மேசையில் துணை நின்ற ஒயின் அது. 2018-உம் ஏறக்குறைய அந்த வகைதான், சீக்கிரமே குடிக்கக் கொடுத்துவிடுகிறது. 2017 வெயிலும் வறட்சியும் கண்ட ஆண்டு. பழம் முன்னால் நிற்கும், துவர்ப்பு சற்றுக் கரடாக இருக்கும், நான் அதிகம் சேர்க்கவில்லை. 2016 நீண்ட, நிதானமான பருவத்தில் விளைந்தது. அதைப் பற்றிப் புகழ்ந்து எழுதப்பட்ட எல்லாவற்றையும் நம்புகிறேன், அதனால்தான் இன்னும் அதில் கை வைக்க மனம் வரவில்லை.

ஓர் ஆண்டை முழுதாகத் தள்ளிவைப்பது அநியாயம் என்பதற்கு 2002-ஐச் சொல்லலாம். ஆலங்கட்டி அடித்து, பலர் கைவிட்ட ஆண்டு. ஆனால் ஜாக்கோமோ கொன்தெர்னோ நிறுவனம் தன் தலைசிறந்த ஒயினான மொன்ஃபொர்தீனோவை அந்த ஆண்டிலும் வெளியிட்டது. அதன் விலை என் கைக்கு எட்டாதது. நான் சாய்ந்திருப்பது 'ப்ரொதுத்தோரி தெல் பார்பரெஸ்கோ' கூட்டுறவின் மேல். 1958-இல் பார்பரெஸ்கோ ஊர்ப் பாதிரியார் தோன் ஃபியொரீனோ மரேங்கோ, 19 சிறு விவசாயிகளைச் சேர்த்துத் தொடங்கியது அது. இன்றும் நெபியோலோவைத் தவிர வேறு திராட்சையைத் தொடுவதில்லை. நல்ல ஆண்டுகளில் அசீலி, ரபயா, மொன்தெஸ்தேஃபனோ என ஒன்பது தோட்டங்களைத் தனித்தனி ரிசெர்வாக்களாக வெளியிடுகிறார்கள். பெயர்பெற்ற பரோலோ தோட்டங்களின் விலையோடு பார்த்தால் கொடுத்த காசுக்கு இதைவிட நேர்மையான ஒயின் எனக்குத் தெரியாது. முதிர வைத்துப் பழக விரும்பும் எவரும் இங்கிருந்தே தொடங்கலாம்.

வைக்கும் இடத்தில் எனக்கு அதிர்ஷ்டம் உண்டு. நான் வசிப்பது சுவிட்சர்லாந்தில். இங்குள்ள பல குடியிருப்புகளில் நிலத்தடியில் போர்க்காலப் பாதுகாப்பு அறை இருக்கும். தடித்த கான்கிரீட் சுவர், வெளிச்சம் புகாது, அமைதிக் காலத்தில் வீட்டுக்காரர்களின் சாமான் அறை அது. உச்சமும் தாழ்வும் பதியும் ஒரு வெப்பமானியை அலமாரியில் வைத்திருக்கிறேன். புத்தகங்கள் சொல்லும் 12 முதல் 14 டிகிரி ஆண்டு முழுக்க அங்கு கிடைப்பதில்லை. குளிர்காலத்தில் அதற்குக் கீழே போகும், கோடையில் 17, 18 வரை ஏறும். ஏற்றமும் இறக்கமும் மாதக்கணக்கில் மெதுவாக நடப்பதால் இதுவரை ஒயினுக்குக் கேடு தெரியவில்லை. ஒயினைக் கெடுப்பவை ஒரே நாளில் ஏறி இறங்கும் சூடும், வெளிச்சமும், ஓயாத அதிர்வும். துணிதுவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்துச் சுவரையும் சூடாக்கும் குழாய் ஓடும் மூலையையும் தவிர்த்தேன். ஈரம் அதிகமானால் தக்கைக்கு நல்லது, லேபிளில்தான் பூஞ்சை பிடிக்கும். மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றினால் போதும். சென்னையிலோ கொழும்பிலோ இருப்பவர்கள் ஒயின் குளிர்பெட்டி இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். அந்த வெப்பத்தில் பத்தாண்டு முதுமை ஓரிரு கோடைகளில் வந்துவிடும், அழகு மட்டும் வராது.

பழைய போத்தல்களை ஏலத்தில் வாங்கும்போது விலையைப் பார்க்கும் முன் கழுத்தில் ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ஒரு முறை எனக்கு வந்த 1997 பரோலோவில் மட்டம் தோள் வரை இறங்கியிருந்தது, உலோக உறைக்குக் கீழே பிசுபிசுப்பாகக் கசிந்த தடம். திறந்தபோது உலர்ந்த பழமும் காடியும்தான். எங்கோ ஒரு சூடான அறையில் கிடந்திருக்க வேண்டும். ஈரமான அட்டைப்பெட்டி நாற்றம் வந்தால் அது தக்கைக் கோளாறு. எவ்வளவு காற்றுப் பட்டாலும் போகாது, கொட்டிவிட வேண்டியதுதான்.

முதிர்ந்த போத்தலை இரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடியில் இறங்கிவிடும். பிறகு கழுத்துக்குப் பின்னால் விளக்கைப் பிடித்து, கலங்கல் தலைகாட்டும்வரை மெதுவாக ஊற்ற வேண்டும். மிளகாய் தூக்கலான கறியோடு இதைக் குடிக்காதீர்கள், காரம் துவர்ப்பை இன்னும் கூர்மையாக்கும். மிளகும் பூண்டும் மட்டும் சேர்த்து எலும்போடு நெடுநேரம் வேகவைத்த ஆட்டிறைச்சி என் வீட்டில் நன்றாகவே ஒத்துப்போகிறது.

2019-ஐயும் 2021-ஐயும் நிறையச் சேர்த்து அறையின் உள்வரிசையில் வைத்திருக்கிறேன். முன்வரிசையில் 2018. இனி வாங்குவது, எல்லோரும் ஓடிப்போய் வாங்காத ஆண்டுகளில் நல்ல கைகள் செய்த பார்பரெஸ்கோவாகத்தான் இருக்கும்.