நானோவிஎன்ஏ-எச்4: கோ-ஆக்ஸ் கேபிளைச் சோதிக்க வாங்கலாமா?

தெருவுக்குத் தெரு நீளும் செட்டிநாட்டு வீட்டில் முகப்பு மாடியில் ஆன்டெனா, பின்கட்டில் ரேடியோ என்றால் இரண்டையும் இணைக்கும் கோ-ஆக்ஸ் கேபிள் 40 மீட்டரைத் தொட்டுவிடும். அதை ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிளில் இழுத்தால் 145 மெகாஹெர்ட்ஸில் இழப்பு சுமார் 8 டெசிபெல். 50 வாட் விட்டால் மேலே போய்ச் சேருவது 8 வாட். கூத்து என்னவென்றால், மாடியில் ஆன்டெனாவையே கழற்றிவிட்டாலும் கீழே எஸ்டபிள்யூஆர் மீட்டர் (சிக்னல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்ப்பது; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.4 காட்டும். திரும்பி வரவேண்டிய சிக்னலையும் கேபிளே தின்றுவிடுகிறது. மீட்டரை நம்பி ஆன்டெனாவை மெச்சிக்கொள்பவர்களுக்குத்தான் நானோவிஎன்ஏ-எச்4 என்ற இந்தக் கையடக்கக் கருவி: பல அலைவெண்களில் சிக்னலை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கும்.

முதலில் ஸ்வீப் எல்லையை (எந்த அலைவெண்ணிலிருந்து எதுவரை அளப்பது என்பதை) வைத்துவிட்டு, பிறகு ஓப்பன் (திறந்தது), ஷார்ட் (குறுக்கிணைத்தது), லோட் (50 ஓம்) என்ற மூன்று முனைகளையும் மாட்டிக் காலிபரேட் செய்ய வேண்டும். எல்லையை மாற்றினால் மறுபடியும் செய்வதே நல்லது. பிஎல்-259 கனெக்டருக்கு அடாப்டர் போட்டால் அதன் நுனியில் காலிபரேட் செய்யுங்கள். இல்லாவிட்டால் விஎச்எஃப்-இல் (30 முதல் 300 மெகாஹெர்ட்ஸ்) அளவு பிசகும்.

இழப்பு: கேபிளின் மறுமுனையைத் திறந்து வைத்து எஸ்11 லாக்மேக் (திரும்பி வரும் சிக்னல் எத்தனை டெசிபெல் குறைந்தது என்ற அளவு) படியுங்கள். அதில் பாதிதான் ஒருவழி இழப்பு. ஷார்ட் செய்தும் எடுத்துச் சராசரி பாருங்கள். மேலே சொன்ன கேபிளில் 16 டெசிபெல் பக்கம் வர வேண்டும். ஐப்பசி மழைக்குப் பிறகு 22, 24 என்று ஏறியிருந்தால் கனெக்டர் வழியே தண்ணீர் இறங்கி, கேபிளின் வெளிக்கம்பிப் பின்னல் கறுத்திருக்கும். அந்தத் துண்டை வெட்டுவதைத் தவிர வேறு வைத்தியம் கிடையாது.

கடையில் ஆர்ஜி-58 என்று கொடுத்தது நிஜந்தானா? 10 மீட்டர் துண்டின் மறுமுனையைத் திறந்து வைத்தால், ரியாக்டன்ஸ் (கருவி ஓமில் காட்டும் எதிர்வினைத் தடை) முதல்முறை பூஜ்யம் தொடும் இடம் 4.95 மெகாஹெர்ட்ஸ் (75-ஐ நீளத்தால் வகுத்து, வெலாசிட்டி ஃபேக்டர் 0.66-ஆல், அதாவது ஒளிவேகத்தில் கேபிளில் சிக்னல் செல்லும் வேகத்தின் பங்கால், பெருக்கியது). 6-ஐ நெருங்கினால் உள்ளே காப்பாக இருப்பது ஃபோம். அந்த அலைவெண்ணில் பாதிக்கு மார்க்கரை நகர்த்தினால் ரியாக்டன்ஸ் எண்ணே கேபிளின் இம்பீடன்ஸ்: 50 வரவேண்டிய இடத்தில் 75 வந்தால் அது டிவி கேபிள்.

எங்கே அறுந்திருக்கிறது என்று தேட டிரான்ஸ்ஃபார்ம் மெனு (அளவைத் தூரமாக மாற்றிக் காட்டுவது) உண்டு. வெலாசிட்டி ஃபேக்டரைச் சரியாகக் கொடுக்காவிட்டால் தூரம் தப்பாக வரும். ஸ்வீப்பை உயர்த்தினால் நுணுக்கம் கூடும், எட்டும் தூரம் குறையும். 50 மீட்டர் கேபிளுக்கு 50 மெகாஹெர்ட்ஸ் வரை போதும். ஒரு ஸ்வீப்பில் 401 அளவுப் புள்ளிகள் இருப்பதால் சின்ன எச் மாடலைவிட இது இங்கே கைகொடுக்கிறது. 4 அங்குலத் திரையும் கண்ணுக்கு இதம்.

குறை, எஸ்எம்ஏ என்ற சிறிய திருகுச் சாக்கெட். நட்டை மட்டும் திருக வேண்டும், கேபிளைத் திருகினால் நடு ஊசி தேயும். கனமான ஆர்ஜி-213 கேபிளை நேரே தொங்கவிடாமல் இடையில் மெல்லிய ஜம்பர் (குட்டிக் கேபிள்) போடுங்கள். மாடியிலிருந்து வரும் கேபிளைச் செருகும்முன் நடுக்கம்பியைப் பின்னலோடு ஒருமுறை தொடவைத்து நிலைமின்னை இறக்கிவிடுங்கள்; பக்கத்தில் யாரும் டிரான்ஸ்மிட் செய்யவும் கூடாது. இரண்டில் எது நடந்தாலும் உள்ளீட்டுச் சர்க்யூட் போய்விடும்.