'வந்தால்' என்ற சொல்லால் போன ஆர்டர்: ஆங்கில எதிர்காலத்தோடு இரண்டரை வருஷம்

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் ஆர்டர் பார்க்கிற வேலை எனக்கு. சுங்குடிச் சேலை வெளிநாட்டுக்கும் போகும், அதனால் வாட்ஸ்அப்பில் தினமும் ஆங்கிலத்தில் எழுதியே ஆக வேண்டும். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் சிங்கப்பூர்க்காரர் ஒருவர் 40 சேலை கேட்டிருந்தார். சரக்கு வியாழக்கிழமை வருவது உறுதி. "சரக்கு வந்தா அனுப்பிடறேன்" என்பதை மனசில் வைத்துக்கொண்டு 'இஃப் தி ஸ்டாக் வில் கம், ஐ வில் சென்ட்' என்று அனுப்பினேன். சரக்கு வருமா வராதா என்பதே இவர்களுக்குத் தெரியவில்லை என்று அவர் நினைத்து, வேறு இடத்தில் வாங்கிவிட்டார். 'கம்' முன்னால் 'வில்' போட்டது இலக்கணப் பிழைதான், ஆனால் ஆர்டரைக் கொண்டுபோனது அது இல்லை, 'வென்' வர வேண்டிய இடத்தில் நின்ற 'இஃப்'.

அன்றைக்குத்தான் இதை ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்று இறங்கினேன். முதலில் மூன்று மாசம் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. போர்டில் சூத்திரம் எழுதிப்போடுவார்கள், 'இஃப்' பக்கம் நிகழ்காலம், மறுபக்கம் 'வில்', அப்புறம் கோடிட்ட இடம் 20. இருபதும் ஒரே மாதிரி என்பதால் எல்லாருக்கும் முழு மார்க், கடைக்கு வந்து போனை எடுத்தால் ஒன்றும் வாயில் வராது. அந்தப் பணத்துக்கு அது போதாது என்றுதான் சொல்வேன்.

பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் இலவசம், திருமங்கலத்திலிருந்து பெரியார் நிலையம் வரும் பஸ்ஸில் தினமும் கேட்டேன். அதில் கிடைத்த பெரிய லாபம் காதுக்கு: பேச்சில் 'ஐ வில்' என்று அவர்கள் பிரித்துச் சொல்வது குறைவு, 'ஐல்' என்று ஒட்டிப் போய்விடுகிறது. அந்த 'ல்' காதில் விழாமல்தான் வாடிக்கையாளர் நாளைக்குச் செய்வதாகச் சொன்னதைத் தினமும் செய்வதாகப் புரிந்துகொண்டிருக்கிறேன்.

உண்மையில் என்னை மாற்றியது ஒரு நீள நோட்டு. ராத்திரி படுக்கும் முன் நாளைக்கு நடக்கப்போவது பற்றிப் பத்து வாக்கியம், பக்கத்திலேயே அதை நாம் தமிழில் எப்படிச் சொல்வோம் என்பது. மறுநாள் ராத்திரி நடந்ததற்கு டிக். இப்படி எழுத எழுத ஒன்று புலப்பட்டது, வகுப்பில் யாரும் அதைச் சொல்லித்தரவில்லை. 'பெய்தால்' என்பதைப் பிரித்துப் பாருங்கள். பெய்த், ஆல். அடியில் இருப்பது இறந்தகாலம்! வந்தால், போனால், படித்தால் எல்லாமே அப்படித்தான், 'பெய்வால்' என்று நம் வீட்டுக் குழந்தைகூடச் சொல்லாது. மழை நாளைக்குத்தான் பெய்யப்போகிறது, ஆனாலும் 'ஆல்' பக்கம் எதிர்காலத்தை நாம் உள்ளே விடுவதே இல்லை. ஆங்கிலக்காரரும் விடுவதில்லை, அவர் அங்கே நிகழ்காலம் வைக்கிறார், நாம் இறந்தகாலம் வைக்கிறோம், அவ்வளவுதான். 'இஃப் தேர் இஸ் நோ சன், தி டை வோன்ட் டிரை', வெயில் இல்லாவிட்டால் சாயம் காயாது. இதைப் புரிந்துகொண்ட பிறகு அந்த விதியை நான் மனப்பாடம் செய்யவே வேண்டியிருக்கவில்லை.

'கோயிங் டு'வும் அதே மாதிரி வந்து ஒட்டிக்கொண்டது. மேகம் கறுத்திருக்கும்போது "மழை வரப்போகுது" என்கிறோமே, அந்தப் 'போகுது'தான் இது. டிக்கெட் எடுத்துவிட்டு "நாளைக்குச் சென்னை போறேன்" என்றால் 'ஐ ஆம் கோயிங் டு சென்னை டுமாரோ', அதுவும் அப்படியே பொருந்தும். பாண்டியன் எக்ஸ்பிரஸ் கிளம்பும் நேரம் மாதிரி அட்டவணையில் இருப்பதற்குச் சாதாரண நிகழ்காலம், 'தி டிரெயின் லீவ்ஸ்'.

தமிழ் கைகொடுக்காத இடங்கள்தான் ரொம்ப நாள் படுத்தின. "காலையில ஆறு மணிக்கு எழுவேன்" என்று வழக்கத்துக்கு நாம் எதிர்கால வடிவத்தைப் போடுகிறோம், அதை 'டெய்லி ஐ வில் வேக் அப்' என்று எழுதினால் தப்பு, 'ஐ வேக் அப்' போதும். தலைகீழாக இன்னொன்று. பெட்டி கனமாக இருக்கிறது, "இருங்கண்ணே, நான் எடுக்கிறேன்" என்று அந்த நிமிஷத்தில் முடிவெடுக்கிறோம், தமிழில் நிகழ்காலம், ஆங்கிலத்தில் கண்டிப்பாக 'ஐல் டேக் இட்'.

'வந்தால்' விஷயத்துக்குத் திரும்புகிறேன். "அப்பா வந்தா கேக்கலாம்" என்றால் அப்பா வருவது நிச்சயமாகவும் இருக்கலாம், சந்தேகமாகவும் இருக்கலாம், தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். ஆங்கிலம் பிரித்துக் கேட்கும். எனக்கு இப்போது அளவுகோல் சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்குவது உறுதி, அதற்கு 'வென்'. வைகையில் தண்ணீர் வருவது உறுதியில்லை, அதற்கு 'இஃப்'. ஒவ்வொரு செய்தியையும் அனுப்பும் முன் இது அழகரா, தண்ணீரா என்று ஒரு நொடி நினைத்துக்கொள்கிறேன். 'வென்' போட்டாலும் அந்தப் பக்கம் 'வில்' கிடையாது, 'வென் தி ஸ்டாக் கம்ஸ்'தான். 'அன்டில்', 'அன்லெஸ்', 'ஆஸ் ஸூன் ஆஸ்' எல்லாவற்றுக்கும் இதே கதை.

'இஃப்' பக்கம் 'வில்' வரவே கூடாது என்று அடித்துச் சொல்பவர்களையும் முழுதாக நம்ப வேண்டாம். 'இஃப் யூ வில் வெயிட் எ மினிட்' என்று ஒரு வாடிக்கையாளர் எழுதியபோது குழம்பினேன். தயவுசெய்து காத்திருக்க முடிந்தால் என்ற மரியாதைக்கு அப்படி வரும். ஆரம்பத்தில் இதைத் தொட வேண்டாம்.

ஆறாவது நோட்டு ஓடுகிறது. எழுத்தில் தவறு அபூர்வமாகிவிட்டது. பேச்சில் அவசரத்தில் 'அன்டில் யூ வில் டெல்' இன்னும் வந்துவிடுகிறது, அதனால் இந்த மாசம் பத்து வாக்கியத்தையும் எழுதி முடித்ததும் போனில் பேசிப் பதிவுசெய்து கேட்கிறேன். போன மாசம் அதே சிங்கப்பூர்க்காரர் மறுபடி விலை கேட்டார். 'வென் தி ஸ்டாக் கம்ஸ் ஆன் மண்டே, ஐல் சென்ட் யூ தி ஃபோட்டோஸ்' என்று எழுதினேன். திங்கட்கிழமை சாயங்காலம் 25 சேலைக்குப் பணம் போட்டுவிட்டார்.