பன்றிக்குட்டிகளுக்குப் புரோபயாட்டிக்: மூன்று ஆண்டுகள் கொடுத்துப் பார்த்ததில்

ஏற்காடு அடிவாரத்தில் எங்கள் பன்றிக் கொட்டகை இருக்கிறது. ஆறு தாய்ப்பன்றிகள், எல்லாம் வெள்ளை யார்க்ஷயர் இனம். சேலத்து ஹோட்டல்களின் மிச்சச் சோறும் ஜவ்வரிசி ஆலையின் கிழங்குத் திப்பியும்தான் முக்கியத் தீனி. பால் மறக்கடித்த மறுவாரமே குட்டிகளுக்குக் கழிச்சல் தொடங்கிவிடும். மஞ்சள் தண்ணீராகப் போகும், வாலடி காயவே காயாது. பத்துக்கு இரண்டு, மூன்று குட்டிகள் போய்விடும்.

முன்பெல்லாம் கழிச்சல் என்றாலே கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்துதான். இறைச்சி விலங்குகளுக்கு அதைக் கொடுக்க 2019இல் தடை வந்தது. வேறு வழி தேடியதில்தான் புரோபயாட்டிக், அதாவது குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள கிருமிகள் அடங்கிய பொடி, என் கைக்கு வந்தது.

முதல் ஆறு மாதம் ஒரு பலனும் இல்லை. குற்றம் பொடியில் இல்லை, என் அடுப்பில் இருந்தது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்குப் பயந்து ஹோட்டல் சோற்றைக் கொதிக்க வைத்துத்தான் கொடுப்பேன். அதை இன்றும் விடவில்லை. ஆனால் கொதி அடங்கும் முன்பே பொடியையும் தூவிக் கிளறிவிடுவேன். அதில் இருந்தது லாக்டோபேசிலஸ், தயிர்க் கிருமியின் இனம். "கொதிக்கிற பாலில் யாராவது உறை ஊற்றுவார்களா?" என்று என் மனைவி கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. தப்பிப் பிழைத்ததையும் தண்ணீர்த் தொட்டியில் போட்ட பிளீச்சிங் பவுடர் தீர்த்திருக்கும்.

தாய்ப்பால் நின்றதும் குட்டியின் குடலுறிஞ்சிகள் (சத்தை உறிஞ்சும் குடல் நுண்விரல்கள்) சுருங்கிவிடும், வயிற்று அமிலமும் போதாது. செரிக்காமல் தேங்கும் தீனி, கழிச்சலை உண்டாக்கும் ஈ.கோலை கிருமிக்கு விருந்து. ஆகவே பால் மறக்கடிப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து இரண்டு வாரம் பின்புவரை, ஆறிய கஞ்சியில் கலந்து கொடுத்தேன். அடுத்த மூன்று ஈற்றிலும் சாணம் கெட்டியாகவே இருந்தது. பிறகு பேசிலஸ் சப்டிலிஸ் என்ற வேறொரு நல்ல கிருமி உள்ள பொடிக்கு மாறினேன். கெட்டி ஓட்டுக்குள் உறங்கும் அதன் வித்துகள் சூட்டைக் கொஞ்சம் தாங்கும். என்னைப் போன்ற அவசரக்காரர்களுக்கு அதுவே தோது.

மார்கழியில் பிறந்த ஓர் ஈற்றில் பொடி கொடுத்தும் நான்கு குட்டிகள் போயின. மலைக்காற்று நேராக இறங்கும் மூலையில் அவற்றைக் கிடத்தியிருந்தேன். மறு ஆண்டு சாக்குப் படுதா, வைக்கோல், ஒரு குண்டு பல்பு என்று ஏற்பாடு செய்ததில் ஒன்றுகூடப் போகவில்லை. அந்தப் பெருமையைப் பொடிக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. வளர்ந்த பன்றிக்கும் கொடுத்தால் எடை கூடும் என்றார் கடைக்காரர். நான்கு மாதம் கொடுத்துப் பார்த்தேன், தராசில் ஒன்றும் தெரியவில்லை.

மலிவு என்று பெரிய வாளியாக வாங்கியது ஐப்பசி மழையில் கட்டி தட்டிப்போய், பாதியை எருக்குழியில் கொட்டினேன். இப்போது அரைக்கிலோப் பொட்டலம்தான். அது எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில், தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மனைவிக்கு அது மட்டும் பிடிக்கவில்லை.