‘இடது சுற்று எஞ்சின்’ என்று சொன்னால் பணத்தை எடுக்காதீர்கள்: டிராக்டர்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வாடிப்பட்டி, சோழவந்தான், அலங்காநல்லூர் பக்கம் பழைய டிராக்டரின் எஞ்சினைப் பிரித்துக் கட்டக் கொடுக்கப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வண்டியை அனுப்புங்கள். மதுரை சுற்றுச்சாலையை ஒட்டிய ஒரு பட்டறையில், எஞ்சின் தலைகீழாகச் சுற்றுகிறது என்று இல்லாத கோளாறைச் சொல்லி என்னிடம் 14,500 ரூபாய் வாங்கினார்கள். நன்றாக இருந்த டீசல் பம்பையும் கழற்றிக்கொண்டு வேறொன்றை மாட்டிவிட்டார்கள். பட்டறையின் பெயரை எழுத வேண்டிய இடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன், இங்கே எழுதவில்லை.

வண்டி அப்பா வாங்கிய மாஸி பெர்குசன். சிம்ப்சன் எஞ்சின், மூன்று சிலிண்டர், 2500 சி.சி. ஆயில் குடிக்க ஆரம்பித்ததால் லைனர், பிஸ்டன், பேரிங் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லிக் கொடுத்தேன். அந்த வேலையைக் குறை சொல்ல மாட்டேன். கிராங்க் கடைந்தவர் கைகாரர். பூட்டி முடித்த பிறகுதான் வில்லங்கம். செல்ஃப் அடித்தால் எஞ்சின் ஜோராகச் சுற்றுகிறது, ஆனால் புகைக்குழாயில் துளி வெள்ளைப் புகைகூட வரவில்லை. சுற்றும்போது புகையே இல்லை என்றால் உள்ளே டீசல் போகவில்லை என்று அர்த்தம். பட்டறைக்காரருக்கு இது தெரியாமல் இருக்காது.

அவர் சொன்னது வேறு. “அண்ணே, இது இடது சுற்று எஞ்சின். முன்னாடி யாரோ கேமை (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றிப் போட்டிருக்கிறார்கள். இதற்கென்று தனி கேம் வரும், அதைப் போட்டால்தான் பிடிக்கும்” என்றார். நான் முகத்தைச் சுளித்ததும் எஞ்சினின் பின்பக்கம் கூட்டிப்போய், பையனைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி, பிளைவீல் என்கிற கனமான சக்கரத்தைக் காட்டினார். இடப்பக்கமாகத்தான் சுற்றியது. சுற்றாமல் என்ன செய்யும்? முன்னால் மின்விசிறிப் பக்கம் நின்று பார்த்தால் கடிகார முள்ளைப் போலச் சுற்றும் எந்த எஞ்சினும் பிளைவீல் பக்கம் நின்று பார்த்தால் எதிர்ப்புறமாகத்தான் தெரியும். வலமா இடமா என்று பேசுகிறவரிடம் எந்தப் பக்கம் நின்று பார்த்தது என்று முதலில் கேட்டுவிடுங்கள். பேரணையில் தண்ணீர் திறக்கப்போகிறார்கள், உழவு நிற்கிறது என்பது அவருக்கும் தெரியும். கேம், டேப்பெட், கூலி என்று பணத்தை வாங்கிக்கொண்டார். போட்ட பிறகும் எஞ்சின் பிடிக்கவில்லை.

அடுத்து செல்ஃப் மோட்டார் தப்பு என்றார்கள். பேட்டரி வயரை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் மறுபக்கம் சுற்றும் என்று பையன் ஸ்பேனரை எடுத்துவிட்டான். இந்தப் பழைய வண்டிகளில் இருக்கும், காந்தத்துக்குப் பதில் காயில் சுற்றிய மோட்டார் வயரை மாற்றினாலும் அதே பக்கம்தான் சுற்றும். பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரில் உள்ள டயோடுதான் எரிந்துபோகும். அங்கேயே நிறுத்தச் சொல்லிவிட்டு, டவுனில் பல காலம் டீசல் பம்ப் வேலை பார்த்த சித்தப்பா ஒருவரைக் கூட்டி வந்தேன்.

அவர் கேட்ட முதல் கேள்விக்கே பட்டறையில் பதில் இல்லை. “எஞ்சின் இடது சுற்று என்றால் இத்தனை வருடம் இந்த வண்டி முதல் கியரில் பின்னாலேயா போனது?” எஞ்சின் திசை மாறினால் கியர் எல்லாம் தலைகீழாகும். பின்னால் ரோட்டவேட்டர் மாட்டும் பி.டி.ஓ. தண்டும் அப்படித்தான்; வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் அது கடிகார முள் திசையில் சுற்ற வேண்டும் என்பது பொது அளவு. எங்கள் வண்டியில் அது ஒருநாளும் மாறிச் சுற்றியதில்லை.

பிறகு வால்வுகளை அழுத்தும் ராக்கர்களின் மூடியைக் கழற்றச் சொன்னார். டீசலைப் பீய்ச்சும் நாசில்களை எடுத்துவிட்டால் கிராங்க் கையாலேயே திரும்பும். முதல் சிலிண்டரில் எந்த வால்வு புகைக்குழாய்க்குப் போகிறது, எது காற்று வடிகட்டிக்குப் போகிறது என்பதை மேனிஃபோல்டைப் பார்த்து அடையாளம் வைத்துக்கொண்டோம். புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு மெதுவாகத் திருப்பினார். “தம்பி, ராக்கரை மட்டும் பார்” என்றார். புகை வால்வு மேலே ஏறி மூடிக்கொண்டே வருகிறது. அது முழுதாக மூடும் முன்பே காற்று வால்வு இறங்கத் தொடங்குகிறது. புகை வால்வு மூட, காற்று வால்வு திறக்க, இந்த வரிசையில் வந்தால் நாம் திருப்புவதுதான் எஞ்சினின் சரியான திசை. எதிர்ப்பக்கம் திருப்பிக் காட்டினார்: காற்று வால்வு மூடுகிறது, புகை வால்வு திறக்கிறது. அப்படி ஓடுகிற எஞ்சின் புகைக்குழாய் வழியாகக் காற்றை இழுத்து வடிகட்டி வழியாகப் புகை விடும். ஆயில் பம்பும் எதிராகச் சுற்றும், பிரஷர் ஏறாது, பேரிங் போய்விடும். எங்கள் எஞ்சின் மின்விசிறிப் பக்கமிருந்து பார்க்க வலது சுற்று. பழைய கேமும் சரி, புதிதாகப் போட்டதும் சரி, இரண்டும் ஒரே வகை. பணம் எதற்கு வாங்கினார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்படியானால் டீசல் ஏன் வரவில்லை? நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டைத் தளர்த்திச் செல்ஃப் அடித்தோம். ஈரம்கூட இல்லை. சித்தப்பா பம்பின் பக்கவாட்டில் படிந்திருந்த கிரீஸைக் கட்டைவிரலால் துடைத்தார். தகட்டில் ஓர் அம்புக்குறி. சுழலும் வகைப் பம்புகளில் திசையைக் குறிக்க அதைப் போடுவார்கள். கியர் மாட்டும் முனையிலிருந்து பார்த்துப் படிக்க வேண்டும். எங்கள் எஞ்சினின் பம்ப் கியர் சுற்றும் திசைக்கு அது நேர் எதிராக இருந்தது. டீசலை உறிஞ்சும் சிறிய இறக்கைப் பம்ப் உள்ளேயே இருக்கிறது; அதைத் தலைகீழாகச் சுற்றினால் எதை உறிஞ்சும்? வேறேதோ எஞ்சினில் இருந்த பம்பைக் கொண்டுவந்து எங்கள் வண்டியில் பூட்டியிருந்தார்கள். முன்பு பம்ப் சர்வீஸ் செய்த ரசீதில் எங்கள் பம்பின் எண் இருந்தது. தகட்டில் இருந்த எண் அதோடு ஒத்துப்போகவில்லை.

“பையன் மாற்றி மாட்டிவிட்டான்” என்றார்கள். சரி, எங்கள் பம்பை எடுங்கள் என்றால் அது கடையிலேயே இல்லை. பெரிய வாக்குவாதத்துக்குப் பிறகு வலது சுற்றுப் பம்ப் ஒன்றைக் கொடுத்தார்கள். சித்தப்பா டைமிங் (டீசல் பாயும் நேரம்) வைத்ததும் எஞ்சின் பிடித்துவிட்டது. கேம் பணம் திரும்பவில்லை.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 ஆண்டுக்குள் கொடுக்கலாம். நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. 1915 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டும் விவரம் கேட்கலாம். பட்டறை கொடுத்தது வெள்ளைத்தாளில் எழுதிய கணக்கு, முத்திரை கிடையாது. எனக்குக் கைகொடுத்தது பழைய பம்ப் ரசீதுதான். வண்டியை விடும் முன் பம்ப், செல்ஃப் மோட்டார், எஞ்சின் மூன்றின் எண்ணையும் செல்போனில் படமெடுத்து, பட்டறைக்காரரின் வாட்ஸ்அப்புக்கே அனுப்பிவையுங்கள்.

மதுரை வட்டாரத்தில் யாராவது மூன்று சிலிண்டர் சிம்ப்சனுக்கான பழைய பம்பை மலிவாகத் தருகிறேன் என்று வந்தால், வாங்கும் முன் தகட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். ரசீதிலுள்ள எண்ணோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன்.